திறந்த பந்தி

அந்தத் தெருவில் எல்லோரும் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவளுக்கு வேறு என்ன பட்டம் கிடைக்கும். அடுத்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வைப்பது அவள் தொழில். தன் மனதில் இருப்பதை மட்டும் ஒருத்தர் கண்ணுக்கும் தெரிய விடமாட்டாள். அங்கே இருந்ததும் ஒரே ஆள்தான். அவளுடைய அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி.

அண்ணி மேல் கோபம் என்று சொன்னால் அது ரொம்பக் குறைத்துச் சொன்னதாகும். கோபம் விருந்தாளி மாதிரி, வரும், போகும். இது வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, பாய் விரித்துப் படுத்து, வீட்டு ஆளாகவே ஆகிவிட்டது.

கண்ணாடிக்காரி பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். கட்டிக்கொண்டது லிஃப்ட் ரிப்பேர் செய்யும் ஒரு புராட்டஸ்டன்ட்காரரை, அதுவும் அவருடைய சபையில், அவருடைய பாஸ்டர் கையால். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தக் காலத்தில் கொடுத்திருக்க மாட்டார்கள். இவர்கள் பூசை என்றார்கள், அவர்கள் ஆராதனை என்றார்கள். இவர்களுக்கு ஆண்டவர், அவர்களுக்குக் கர்த்தர். முழங்கால் வலி மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. அவள் புதுச் சபையின் வார்த்தைகளைச் சீக்கிரமே பழகிக்கொண்டாள். பிறந்த வீட்டோடு போக்குவரத்தும் நின்றுவிடவில்லை. அம்மா இருந்தவரைக்கும் எல்லாம் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாவின் அடக்கப் பூசையில்தான் அது நடந்தது.

பெட்டி பீடத்துக்கு முன்னால் இருந்தது. நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரம் வந்ததும் சனங்கள் எழுந்து வரிசையில் போனார்கள். அவளும் எழுந்தாள். வீம்புக்காக இல்லை. சின்ன வயதில் அதே கோவிலில், அதே பெஞ்சுகளுக்கு நடுவில், அம்மா தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனது கால்களுக்கு நினைவிருந்தது. இடது கை மேலே, வலது கை அடியில் என்று அம்மா சொல்லிக்கொடுத்தபடியே கையை நீட்டினாள். ஃபாதர் அப்பத்தை எடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். எடுத்ததைத் திரும்பப் பாத்திரத்திலேயே போட்டார். "மன்னிக்கணும்மா" என்று வாய்க்குள் சொல்லிவிட்டு, அவள் தோளுக்கு மேலாக அடுத்த ஆளைப் பார்த்தார்.

நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. வெறுங்கையை அப்படியே வைத்துக்கொண்டு, அம்மாவின் பெட்டியைச் சுற்றிக்கொண்டு, ஊரே பார்க்க அவள் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பின் பெஞ்சில் யாரோ கிசுகிசுத்தது கேட்டது. அன்றைக்கு அவள் அம்மாவுக்காக அழவில்லை. அழுகை வேறு ஒன்றுக்காகத் திரும்பிவிட்டது, அம்மாவுக்குச் சேர வேண்டிய கண்ணீர் போய்ச் சேரவே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பியதும், அண்ணன் வீட்டுச் சமையலறையில் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்த அண்ணியிடம் நேராகவே கேட்டாள்.

"ஃபாதர் புதுசா வந்தவரு. என்னை அவருக்குத் தெரியாது. யார் சொன்னது?"

அண்ணி கெட்டிலைக் கீழே வைக்கவில்லை. "நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"சபை மாறிக் கட்டிக்கிட்டவங்களுக்கு நற்கருணை கிடையாது. நீ வரிசையில வருவேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே சொல்லாம இருந்தா பாவம் எனக்கு. நம்ம வீட்டு விஷயத்தை மத்தவங்க போய்ச் சொல்றதைவிட நாமளே சொல்றது மரியாதை இல்லியா."

மரியாதை என்ற அந்தச் சொல் இருக்கிறதே, அதுதான் முள்ளாக இறங்கியது. பயத்தில் சொன்னேன் என்றால் மன்னித்திருப்பாள். பொறாமையில் சொன்னேன் என்றால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பாள். மரியாதைக்குச் சொன்னவளை என்ன செய்வது.

"கர்த்தர் பார்த்துக்குவார்" என்றாள் கண்ணாடிக்காரி.

அந்த வார்த்தைக்கு இரண்டு முகம் உண்டு என்பது தமிழ் பேசுகிற யாருக்கும் தெரியும். பயணம் போகிறவனிடம் சொன்னால் அது ஆசீர்வாதம். குடி கெடுத்தவளிடம் சொன்னால் மண்ணை வாரித் தூற்றியதற்குச் சமம். அண்ணிக்கும் புரிந்தது. டீயை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அடுத்த கோப்பையில் ஊற்றிக்கொண்டே, "இந்த வீட்ல ஆண்டவர்னுதான் சொல்றது" என்றாள்.

அதோடு போக்குவரத்து முடிந்தது.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காகக் கண்ணாடிக்காரி காத்திருந்தாள். கர்த்தர் பார்த்துக்கொள்வதாகத் தெரியவில்லை. அண்ணி நன்றாகத்தான் இருந்தாள். அவள் கோவிலில் பாடற்குழுவுக்குத் தலைவி ஆனாள், வீட்டுக்கு மாடி எடுத்தாள், மகளைப் படிக்க வைத்தாள். "கர்த்தருக்கும் வயசாகுது, தூரப்பார்வை போயிருக்கும். வந்தார்னா நல்ல கண்ணாடியா ஒண்ணு போட்டு விடு" என்று லிஃப்ட்காரர் கேலி பண்ணுவார். அவளுக்குச் சிரிப்பு வராது.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அண்ணிக்கு வெள்ளெழுத்து வந்ததும், நாத்தனார் கடைக்கு வர ரோஷம் இடம் கொடுக்காமல், பேருந்து ஏறிப் போய் வேறு எங்கேயோ கண்ணாடி போட்டுக்கொண்டாள். போட்டவன் கற்றுக்குட்டி. காதுக் கம்பியை வளைக்கத் தெரியாமல் அப்படியே மாட்டி அனுப்பிவிட்டான். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் தூரத்திலிருந்து கண்ணாடிக்காரி பார்ப்பாள். அண்ணி குனிந்தால் கண்ணாடி மூக்கு நுனிக்கு வரும். ஒற்றை விரலால் தள்ளுவாள். மறுபடி வரும். மறுபடி தள்ளுவாள். இரண்டு நிமிஷ வேலை, சூடு காட்டி ஒரு வளைப்பு வளைத்தால் தீர்ந்தது. கண்ணாடிக்காரியின் விரல்கள் தொழில் பழக்கத்தில் துறுதுறுக்கும். மனது மட்டும், 'தள்ளு, நல்லாத் தள்ளு' என்று கொண்டாடும்.

அப்புறம் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அண்ணியின் மகளும் லிஃப்ட்காரரின் அக்கா மகனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள்.

பையன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன், கண்ணாடிக்காரியின் சபையில் கீபோர்டு வாசிப்பவன். பெண் அதே ஆஸ்பத்திரியில் மருந்துப் பிரிவில் வேலை பார்ப்பவள். கல்யாணம் பையனுடைய சபையில்தான் என்று பேசி முடிவானது. கண்ணாடிக்காரி கமிட்டியில் மூப்பராக இருக்கும் சபை. அண்ணி அதற்குச் சம்மதித்தாள் என்று கேட்டபோது அவளால் முதலில் நம்ப முடியவில்லை. பிறகு காரணம் தெரிந்தது. கத்தோலிக்க ஆயரிடம் முறைப்படி விண்ணப்பித்து அனுமதி வாங்கியாகிவிட்டது. கத்தோலிக்கப் பெண் புராட்டஸ்டன்ட் சபையில் கல்யாணம் செய்துகொள்ளலாம், அவர்கள் ஃபாதரே நேரில் வந்து ஆசீர்வதிப்பார், பெண் தன் கோவிலில் வழக்கம் போல நற்கருணை வாங்கிக்கொள்ளலாம், ஒரு குறையும் இல்லை.

"இப்ப அதெல்லாம் ரொம்ப ஈசியாயிடுச்சு அத்தை" என்றாள் மருமகள். அவள் மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் சின்ன வயதிலிருந்தே அத்தையின் கடைக்கு வந்துபோகிறவள். கல்யாணத்துக்கு எடை குறைந்த பிரேம் வேண்டும் என்று வந்திருந்தாள்.

"அப்படியா" என்றாள் கண்ணாடிக்காரி. பிரேமை அவள் மூக்கில் வைத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். தனக்கு மூடிய கதவு, அதை மூடவைத்தவளின் மகளுக்குத் தானாகத் திறக்கிறது. திறக்கட்டும், அந்தக் குழந்தைக்குத் திறப்பதில் என்ன வருத்தம். ஆனால் கதவு இடுக்கில் நசுங்கிய விரலுக்கு யார் பதில் சொல்வது. அன்றைக்குத்தான் அவளுக்கு யோசனை வந்தது. கர்த்தர் பார்க்காவிட்டால் என்ன, நாம் பார்த்துக்கொள்வோம்.

யோசனை இதுதான். நற்கருணையை அவளுடைய சபையில் திருவிருந்து என்பார்கள். அதற்கு யாரும் எழுந்து வரிசையில் போக வேண்டியதில்லை. மூப்பர்கள் அப்பத் தட்டை எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார்கள். ஞானஸ்நானம் பெற்ற யாரும் வாங்கலாம், எந்தச் சபை என்று கேட்பதில்லை. திறந்த பந்தி என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கத்தோலிக்கர்களுக்கோ வேறு சபையின் பந்தியில் கை வைக்க அனுமதி இல்லை. ஆயர் கொடுத்த அனுமதியில் கல்யாணம் மட்டுமே உண்டு, அப்பம் கிடையாது. அண்ணியைப் போன்ற சட்டம் தெரிந்தவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

அப்படியென்றால், பெண்ணின் தாய் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அதே பெஞ்சின் கடைசியில் அவளுடைய ஃபாதர். தட்டு அவள் முன்னால் வந்து நிற்கும். வாங்கினால், தன் ஃபாதர் கண் முன்னாலேயே தன் கோவில் சட்டத்தை மீறியவள். வேண்டாமென்று தலையாட்டினால், மகள் வாழப்போகிற வீட்டாரின் பந்தியைக் கல்யாணத்தன்றே தட்டிவிட்டவள். இருதலைக் கொள்ளி எறும்பு. தட்டைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதைச் சொல்லவா வேண்டும். மறுப்பதற்குப் பெயர் பழி என்றால், கொடுப்பதற்குப் பெயர் என்ன. ஒருத்தரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கல்யாண ஆராதனையில் திருவிருந்து கட்டாயமில்லை. பெரும்பாலானவர்கள் வைப்பதும் இல்லை, சாப்பாடு ஆறிப்போகும் என்பார்கள். சபைக் கமிட்டியில் பாஸ்டர் பேச்சை எடுத்தபோது கண்ணாடிக்காரி எழுந்து நின்றாள்.

"ரெண்டு சபை ஒண்ணா உட்கார்ற நாள். வேற வேற வார்த்தை சொன்னாலும் நம்ம எல்லாருக்கும் தலைவர் ஒருத்தர்தானே. இந்த மாதிரி ஒரு நாள்ல பந்தி வைக்கலேன்னா, திறந்த பந்தின்னு நாம சொல்லிக்கிறதுக்கு என்ன அர்த்தம்? கிறிஸ்தவ ஒற்றுமைக்காகக் கேக்கறேன்."

 ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாஸ்டர், "நம்ம சகோதரி எவ்வளவு காயப்பட்டவங்கன்னு நமக்குத் தெரியும். அவங்க வாயிலிருந்து இது வருதுன்னா..." என்று முடிக்க முடியாமல் நின்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒற்றுமை என்ற சொல்லுக்கு இவ்வளவு கூர்மை இருக்கும் என்று கண்ணாடிக்காரிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் லிஃப்ட்காரரை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. இத்தனை வருஷம் இருட்டுக் குழிக்குள் நின்று கம்பி பார்த்தவர், எது எங்கே தேய்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"கமிட்டியில நீ அழ வெச்சியாமே. என்ன திட்டம்?"

அவள் சொன்னாள். அவரிடம் மறைத்துப் பழக்கமில்லை. அவர் சிரிக்கவில்லை.

"மத்த எதுல வேணாலும் பழி வாங்கு. சாப்பாட்டுல உப்பை அள்ளிப் போடு, நானே கரண்டி எடுத்துத் தர்றேன். அது அப்பத் தட்டும்மா."

"எனக்கும் அது அப்பத் தட்டுதான். அன்னைக்கு."

"அந்தப் பொண்ணை நெனச்சியா?"

"நெனச்சேன்" என்றாள். உண்மையில் நினைக்காமல் இருக்கத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். ஏனென்றால் மருமகள் பிரேமை வாங்கிப்போக மறுபடி வந்தபோது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டிருந்தாள்: "அத்தை, திருவிருந்து வேண்டாம்னு நீங்க சொன்னா பாஸ்டர் கேப்பாராம். அம்மா ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. உங்ககிட்ட வந்து கேக்கவும் அவங்களுக்குப் பயம்." பயம் என்ற சொல் காதில் விழுந்ததும் கண்ணாடிக்காரிக்கு வெல்லம் தின்ற மாதிரி இருந்தது. "எங்க சபை வழக்கம்டா கண்ணு, என் கையில ஒண்ணும் இல்ல" என்று பச்சைப் பொய்யை வாய் கூசாமல் சொல்லி, லென்ஸைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினாள். அவள் படியிறங்கிப் போனபின்பு, துடைத்த துணியையே மடித்து மடித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். மனது உறுத்தியது. உறுத்தினாலும் மாறவில்லை.

கல்யாண நாள் வந்தது. சபைக் கட்டடத்தில் வெள்ளைப் பூக்கள். இருக்கைகளை ஒழுங்கு செய்யும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். அண்ணியை முன் பெஞ்சில், நடைபாதை ஓரத்தில் உட்கார வைத்தாள். அண்ணனை அவளுக்கு அந்தப்பக்கம், ஃபாதரைப் பெஞ்சின் மறுகோடியில். "இங்க உட்காருங்க அண்ணி, நல்லாத் தெரியும்" என்று கையைக் காட்டினாள். இத்தனை வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். முகம் வற்றியிருந்தது. கண்ணாடி வழக்கம் போல மூக்கின் பாதியில் நின்றது. காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள்.

மோதிரம் மாற்றினார்கள். ஃபாதர் எழுந்துபோய் ஆசீர்வதித்தார், நல்ல குரல். பாஸ்டர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடிப்பதாகச் சொல்லி நீளமாக முடித்தார். கண்ணாடிக்காரிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கடைசியில் மேஜைமேல் இருந்த வெள்ளைத் துணியை மடித்தார்கள். அப்பத்தைப் பிட்டார்கள். மணமக்களுக்குத் தட்டு போனபோது பெண் ஃபாதரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலைகுனிந்தாள், பையன் மட்டும் எடுத்துக்கொண்டான். புதுப்பெண்ணை யாரும் தப்பாக நினைக்கவில்லை. அவளிடமிருந்து தட்டு சத்தமில்லாமல் நகர்ந்தது. மூப்பர்கள் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டார்கள்.

முன் பெஞ்சு கண்ணாடிக்காரிக்கு. அவள் பங்கு போட்டு வைத்தபடியே.

நடந்தாள். காத்திருந்த வருஷங்கள் எல்லாம் அந்த நடையில் இருந்தன. அண்ணிக்கு முன்னால் வந்து நின்றாள். அப்பத் துண்டு ஒன்றை எடுத்து, எல்லோருக்கும் தெரியும் உயரத்தில் பிடித்தாள். 'இப்போ நீட்டு. இல்லாட்டி தலையாட்டு. எதுவானாலும் எனக்குச் சரி.'

அண்ணி கையை நீட்டவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. எழுந்து நின்றாள். இரண்டு கைகளையும் குறுக்காக மடித்து, வலது கையை இடது தோளிலும் இடது கையை வலது தோளிலும் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்காரியின் முன்னால் தலையைக் குனிந்தாள்.

கண்ணாடிக்காரிக்குப் புரியவில்லை. அவள் அந்தக் கோவிலை விட்டு வந்த காலத்தில் இப்படி ஒரு வழக்கம் இல்லை. பெஞ்சின் மறுகோடியிலிருந்து ஃபாதர் மெதுவான குரலில் சொன்னார்: "அப்பம் வாங்க முடியாதவங்க இப்படி நிப்பாங்கம்மா. அப்பத்துக்குப் பதிலா ஆசீர்வாதம் கேக்கறாங்க. தலையில கை வெச்சா போதும்."

சபையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரி அந்தக் குனிந்த தலையைப் பார்த்தாள். வகிடு எடுத்த இடத்தில் நரை. அவள் போட்ட கண்ணியில் மூன்றாவதாக ஒரு வழி இருந்திருக்கிறது, அதை அண்ணி கண்டுபிடித்துவிட்டாள். ஆத்திரம் தலைக்கு ஏறியது. தாண்டிப் போய்விடலாம். ஒரு வார்த்தையும் சொல்லாமல், தோளுக்கு மேலாக அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டு போய்விடலாம். அன்றைக்கு அவளைத் தாண்டிப் போனார்களே, அச்சு அசல் அதே மாதிரி. அவள் திட்டம் போட்டதைவிட நல்ல பழி இது. தானாக வந்து முன்னால் குனிந்து நிற்கிறது.

கால் எடுத்து வைக்கவும் செய்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. தாண்டிப் போனால் அண்ணி அவளாகிவிடுவாள். ஊரே பார்க்க மறுக்கப்பட்டவள், பின் பெஞ்சு முழுவதும் ஐயோ பாவம் என்று சொல்லும் ஆள், இனி அண்ணிதான். இத்தனை வருஷமாக அவள் உட்கார்ந்திருந்த இடம் அது. ஒரு பூசையில் எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டுச் சம்பாதித்த இடம். அதைத் தூக்கி அண்ணியிடம் கொடுத்துவிட்டு, அன்றைய ஃபாதரின் இடத்தில் போய் நிற்க அவளுக்கு மனசில்லை.

எடுத்த காலைப் பின்னால் வைத்தாள். அப்பத் துண்டைத் தட்டில் போட்டாள். வலது கையை அண்ணியின் தலையில் வைத்தாள்.

வைத்தாள் என்பதைவிட அழுத்தினாள் என்று சொல்வதே நியாயம். ஆசீர்வதிக்கிற கை இலேசாக விழ வேண்டும். இது திருகு இறக்கும் கை, அதன் பாரம் முழுவதும் இறங்கியது. அண்ணியின் தலை இன்னும் தாழ்ந்தது, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது. கைகள் தோள்களில் இருந்ததால் தள்ளிவிட முடியவில்லை. அண்ணி அசையவில்லை, தாங்கிக்கொண்டு நின்றாள்.

ஏதாவது சொல்ல வேண்டும். கண்ணாடிக்காரி யாரையும் இதுவரை ஆசீர்வதித்ததில்லை, வார்த்தை தெரியாது. இந்தத் தலையைப் பற்றி அவளிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு வாக்கியம். வருஷக்கணக்காகக் காலையும் மாலையும் சொல்லித் தேய்ந்தது. வாயைத் திறந்தால் அதுதான் வந்தது. வந்ததும்கூடச் சரியாக வரவில்லை, அம்மா தோளைப் பிடித்து நடத்திய காலத்து நாக்கில் வந்தது.

"ஆண்டவர் பார்த்துக்குவார்" என்றாள்.

"ஆமென்" என்றாள் அண்ணி.

கண்ணாடிக்காரி தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.  தட்டில் அப்பத் துண்டுகள் ஒன்றோடொன்று உரசின. பின்னால் தலைமையாசிரியர் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவருக்கு என்ன தெரியும்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவள் மூலையில் ஒரு மேஜையில் தனியாக உட்கார்ந்தாள். லிஃப்ட்காரர் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிட்டே வராமல் இருந்துகொண்டார். வந்தது அண்ணி. தட்டை வைத்து எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாப்பிடுவது போலப் பாவனை செய்தார்கள்.

"அந்தக் கை மடக்கிட்டு நிக்கிறது" என்று அண்ணிதான் ஆரம்பித்தாள். "எங்க கோவில்ல முன்னால கிடையாது. நான்தான் ஃபாதரை நச்சரிச்சுக் கொண்டுவர வெச்சேன். உங்க அம்மா பூசைக்கு அடுத்த வருஷம்."

கண்ணாடிக்காரி ஊறுகாயைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"நான் சொன்னது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். சட்டம் சட்டம்தான். இன்னிக்கு நானும் வாங்கல பாரு. ஆனா நீ வெறுங்கையை நீட்டிக்கிட்டே பெட்டியைச் சுத்தி வந்தே இல்லியா. அது எனக்குக் கண்ணை மூடினா வருது. ஒரு ஆளை அப்படி நிக்க விடக்கூடாது. கையை எங்கயாவது வெச்சுக்க ஒரு இடம் இருக்கணும்."

"அதை அப்பவே வந்து சொல்லியிருக்கலாம்."

"நீ கர்த்தரைக் காவல் வெச்சுட்டுப் போயிட்டே. எப்படி வர்றது?"

கண்ணாடிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. வரவிடவில்லை. மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், இல்லை. இத்தனை வருஷத்து வீட்டு ஆளை ஒரே நாளில் வெளியே போ என்று சொல்லிவிட முடியுமா. பூசையில் அம்மாவுக்காக அழாத அழுகை மட்டும் தொண்டைக்கு வந்து நின்றது. தண்ணீரைக் குடித்து அதைக் கீழே இறக்கினாள்.

அண்ணி குனிந்து ஒரு வாய் எடுத்தாள். கண்ணாடி சரிந்தது. விரலால் தள்ளினாள். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. தலையில கையை வெச்சு அந்த அமுக்கு அமுக்கினியே. 'பார்த்துக்குவார்'னு சொன்னது, அன்னைக்குச் சமையக்கட்டுல சொன்ன மாதிரியா? இல்ல, நல்லபடியாவா?"

"எனக்குத் தெரியாது. அவர்தானே பார்த்துக்கப்போறார், அவரையே கேளுங்க."

கண்ணாடி மறுபடி சரிந்தது. கண்ணாடிக்காரியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்து, மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி, அண்ணியின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். சூடான காப்பிக் கோப்பையின் மேல் காதுக் கம்பிகளைக் காட்டினாள். கட்டைவிரலால் ஒரு வளைப்பு வளைத்தாள், போதுமானது. கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் இன்னும் ஒரு வளைப்பு கூடுதலாக வளைத்தாள், காதுக்குப் பின்னால் நன்றாகக் கடிக்கும்படி. கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்து, அண்ணியின் மூக்கில் பொருத்திவிட்டாள்.

அண்ணி தலையைக் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி அசையவில்லை. காதருகே கை போனது. "வலிக்குதே."

"வலிக்கும்" என்றாள் கண்ணாடிக்காரி. "பொறுக்க முடியலேன்னா கடைக்கு வாங்க."